அண்ணனும் நானும் ஒரே பக்கம் நடந்த படம்

வாடிப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

எழுமலையில் இருக்கும் மாப்பிள்ளை அழகுபாண்டிக்கு, உன் அக்கா பாண்டீஸ்வரியைக் கட்டிய மச்சான் நல்லகாமன் வாழ்த்துகளோடு எழுதுவது. இவ்விடம் நானும் மாடும் சுகம். அவ்விடம் நீயும் உன் வீட்டாரும், போன மழையில் படுத்துவிட்ட உன் பருத்தியும் எழுந்து நிற்கக் கருப்பசாமி துணையிருக்கட்டும். உன் அக்கா சுகமா என்பதை மட்டும் நீயே நேரில் வந்து பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போன் என்னிடம் இல்லை. எங்கள் வாசல் கேட்டில் துணிக்கொடிக் கயிற்றால் கட்டப்பட்டு, காலையிலிருந்து தெருவைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீ கூப்பிட்டிருந்தால் அந்தக் கேட்டுத்தான் 'அலோ' சொல்லியிருக்கும்.

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பொம்பளை, கோயில் குளம் என்று போவாள், சீரியல் பார்ப்பாள் என்று நம்பியிருந்தேன். இவள் நம்ம மகள் தாமரைச்செல்வி போட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பைத் துடைத்து எடுத்து, யூடியூபைப் பார்த்து, "கோடு எழுதுறேன்" என்று உட்கார்ந்தாள். கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கோடாம். நான் ஏதோ ஸ்கேலை வைத்துக் கோடு போடுகிறாள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் ரெண்டும் ஒன்றாகத்தான் போய்விட்டது மாப்ள. வீடியோ என்பது ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகிற ஆயிரம் படம். இவள் ஒவ்வொரு படத்திலும் நடுவில் ஒரே ஒரு மெல்லிசான கோட்டை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தைத் தள்ளிவிடுகிறாள். உருவின கோட்டையெல்லாம் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அது ஒரு படம். இதை வெளிநாட்டில் கலை என்று சொல்கிறார்களாம்.

முதலில் சீலிங் ஃபேனை எடுத்தாள். அதன் றெக்கை வாழை இலை மாதிரி வளைந்தது. அடுத்து கோழியை எடுத்தாள். கழுத்து மட்டும் முழ நீளத்துக்கு வந்தது. அதற்கு அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஹால்ல நின்னு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க" என்றாள். அந்த வீடியோவில் மேலே இருக்கிற கோடு இப்ப உள்ளதாம், கீழே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழசாம். என் தலை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வயிறு அடுப்படியைப் பார்க்கிறது, காலு இன்னும் சுத்தவே ஆரம்பிக்கலை. முறுக்குப் பிழிஞ்ச மாதிரி நிக்கிறேன். சரி, வீட்டோட இருக்கட்டும் என்று பார்த்தால், குடும்பத்து வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள். தாமரைச்செல்விக்குப் பேசி முடித்த கப்பலூர் சம்பந்தி அன்னைக்குச் சாயங்காலமே கூப்பிட்டு, "சம்பந்திக்கு இடுப்புல ஏதும் கோளாறா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ங்கிறார். இல்லைன்னு நம்ப வைக்க நான் அவர் முன்னால போய்க் குனிஞ்சு நிமிந்து காட்ட வேண்டியதாப் போச்சு.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன் மாப்ள. அதுக்கப்புறம் நடந்ததுதான் பொறுக்க முடியாதது.

எதிர்வீட்டில் இருக்கும் என் அண்ணன் பேயாண்டியை உனக்குத் தெரியும். அவர் மகன் கல்யாண ஃப்ளெக்ஸில் என் போட்டோவைச் சமையல் மாஸ்டர் போட்டோவுக்குக் கீழே போட்ட நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. எதிரெதிரே வந்தால் அவர் வானத்தைப் பார்ப்பார், நான் சாக்கடையைப் பார்ப்பேன். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தாமரைச்செல்விதான் கல்யாணம் முடிவானதும், "பெரியப்பா வந்து முன்னால நிக்காம நான் மணவறை ஏற மாட்டேன்" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவர் வரட்டும், நானா வேண்டாம் என்றேன்? ஆனால் நான் போய்க் கூப்பிட மாட்டேன். கூப்பிடாமல் அவர் வரமாட்டார். அந்த இழுபறியில் பத்திரிகை அச்சுக்கே போகாமல் நிற்கிறது.

இந்த நேரம் பார்த்து உன் அக்கா போனைக் கேட்டில் கட்டித் தெருவை எடுத்தாள். படத்தைப் பார்த்தேன், எனக்குத் தலை சுத்திருச்சு. அண்ணன் முன்னால போறார். அவருக்குப் பின்னாலேயே நான் போறேன். ஒரே பக்கம், ஒரே நடை, ஏதோ சம்பந்தம் பேசப் போற மாதிரி. நான் அன்னைக்குக் கிழக்க இருந்து வந்தேன், அவர் மேக்க இருந்து வந்தார். எப்படி இப்படின்னு கேட்டா, "யாரு எந்தப் பக்கம் போனாலும் மூக்குத்தான முதல்ல கோட்டைத் தாண்டுது? அதான் படத்துல எல்லாருக்கும் மூக்கு ஒரே பக்கம் இருக்கு"ன்னு கணக்கு டீச்சர் மாதிரியே சொல்றா.

இந்தப் படத்தை அவ நெட்டுல போட, அதைப் பார்த்து மதுரையில் ஒரு காலேஜ்காரங்க கண்காட்சிக்குக் கேட்டுட்டாங்க. சுவரு நீளத்துக்கு மாட்டப் போறாங்களாம். நம்ம தெரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. டீக்கடை வீரணன், "அண்ணனும் தம்பியும் சேந்தாச்சு போல, சந்தோசம்ணே" என்று எனக்கு ஒரு வடையைச் சும்மா குடுத்தான். நான் இறங்கிப் போயிட்டேன்னு ஊரே நினைக்குது.

மறுநாள் காலையில் அண்ணன் எங்கள் கேட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. உன் அக்காவிடம், "ஏத்தா பாண்டீஸ்வரி, உன் புருசனை நான் எப்பத்தா கூட்டிக்கிட்டுப் போனேன்?" என்றார்.

நானும் உன் அக்காவிடமே, "அவருக்குப் பின்னாடி நான் எதுக்குப் போறேன்னு கேளு" என்றேன்.

"அவன் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுத்தா."

"அவரு மூஞ்சியைத் திருப்பச் சொல்லு."

உன் அக்கா, "மூஞ்சி திரும்பணும்னா ஒரே வழிதான் மாமா. கேட்டு முன்னாடி பின்பக்கமா நடக்கணும். வேணும்னா மறுபடி எடுக்குறேன்" என்றாள்.

அண்ணன் சட்டென்று தெருக் கோடிக்குப் போய்ப் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் நடந்து நான் நிற்பதா? நான் இந்தக் கோடிக்குப் போய் பின்பக்கமாக நடந்தேன். ரெண்டு பேரும் பின்னாடி நடந்தா படத்துல மறுபடியும் ஒரே பக்கம்தான் பாப்போம்ங்கிறது எனக்கும் தோணலை, அவருக்கும் தோணலை. உன் அக்காவுக்குத் தெரியும். அவ வாயைத் திறக்கலை.

சரியாகக் கேட்டுக்கு முன்னால் ரெண்டு முதுகும் மோதிக்கிச்சு மாப்ள. அண்ணன் கால் சாக்கடை ஓரத்துல வழுக்கிருச்சு. நான் திரும்பி அவர் கையைப் பிடிச்சுட்டேன்.

"விடுடா" என்றார்.

"விட்டா உள்ள போயிருவ."

"போனாப் போறேன், உனக்கென்ன?"

"போனா யாரு தூக்குறது? நான்தான தூக்கணும்? இந்த வயசுல இம்புட்டுக் கனத்தை எப்படித் தூக்குறது?"

உன் அக்கா உதவிக்கு வருவாள் என்று பார்த்தேன். "அப்படியே நில்லுங்க, அசையாதீங்க, நல்லா வருது!" என்று கத்துகிறாள். அவர் கால் ஊனுறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. அம்புட்டு நேரமும் நான் கையை விடலை.

அந்தப் படத்தையும் காட்டினாள். அசையாமல் கோட்டின் மேலேயே நின்றால் ஆள் கலைந்து பட்டை பட்டையாக இழுத்துக்கொண்டு போகுமாம். எங்க மூஞ்சி ரெண்டும் இல்லை. என் கைலியோட நீலம் ஒரு பட்டை, அவரு பனியனோட வெள்ளை ஒரு பட்டை. நடுவுல கறுப்பா ஒரு கோடு, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் அறுபடாமப் போகுது. அதான் கைன்னா. யார் கைன்னு கேட்டேன். தெரியலைன்னுட்டா. அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். கணுக்கால் வீங்கியிருந்ததால் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். கால் வலியால்தான் உட்கார்ந்தார், வேறு அர்த்தம் கிடையாது. நானும் ஐஸ் கட்டி வைத்தேன் என்றால், வீங்கின காலுக்கு யாரும் வைப்பார்கள். ராசி ஆகிவிட்டோம் என்று யாரும் சொன்னால் நம்பாதே.

ஆகவே மாப்பிள்ளை, நீ வெள்ளிக்கிழமை வந்து, உன் அக்காவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அந்த லேப்டாப்பை எழுமலைக்கே தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். கண்காட்சிக்காரர்களிடமும் பேசி எங்கள் ரெண்டு பேரையும் படத்திலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். உன்னை விட்டால் அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நோய் நொடி இல்லாமல், நேராக நடந்து வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
நல்லகாமன்.

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது அண்ணன் நொண்டிக்கொண்டே மறுபடி வந்துவிட்டார். "பத்திரிகை வைக்க எப்படா வாரே?" என்று என்னிடமே நேராகக் கேட்டார். "நாளைக்கு வாரேன்"னேன். "நீ ஏன் வாரே, அதான் நான் வந்துட்டேன்ல, இங்கயே குடு" என்கிறார். குடுக்கப் பத்திரிகை எங்கே இருக்கிறது? அடிக்கவே இல்லையே! வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். ஆகவே நீ வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல், கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து பத்திரிகை அச்சடிக்கும் வேலையைப் பார். லேப்டாப்பைத் தொடாதே. கண்காட்சிக்காரர்களிடமும் வாயைத் திறக்காதே. நாங்கள் ரெண்டு பேரும் வேன் பிடித்துப் போய்ப் பார்க்கிறதாக இருக்கிறோம். இந்தக் கடிதத்தை மட்டும் உன் அக்கா கண்ணில் காட்டிவிடாதே.