சம்பந்தியைப் பார்த்துச் சீறியது பற்றி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும், என் மனைவியும், தங்கள் மகளும், கூண்டுகளில் உள்ள பாறு கழுகுகள் அனைத்தும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாவும், அன்று தாங்கள் போட்டு வந்த வெள்ளைச் சட்டையும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சட்டையைப் பொறுத்தவரை இது கொஞ்சம் பேராசை என்பது எனக்கே தெரிகிறது.

தங்களுக்கு என் மனைவியை விட்டுப் போன் செய்தேன். சம்பந்தியம்மா எடுத்து, தாங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். சாயங்காலம் செய்தேன், அப்போதும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த வாடை லேசில் போகாது என்பது அனுபவித்தவனுக்குத் தெரியும் என்பதால் நம்பினேன். மறுநாளும் அதே பதில் வந்தபோதுதான், இது குளியல் அல்ல, கோபம் என்று புரிந்தது. ஆகவே கடிதம் எழுதுகிறேன். கடிதம் வந்தால் யாரும் குளிக்கப் போக மாட்டார்கள் அல்லவா.

தங்கள் குற்றச்சாட்டுகளைச் சம்பந்தியம்மா என் மனைவியிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். வீடு தேடி வந்த மனிதரை நான் எழுந்து வரவேற்கவில்லை. கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி முறைத்தேன். உடம்புக்கு என்ன என்று தாங்கள் கனிவாக விசாரித்தபோது பதில் சொல்லாமல் பாம்பு மாதிரிச் சீறினேன். அத்தனையும் உண்மை. ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால், சம்பந்தி, நான் அப்போது அடைகாத்துக்கொண்டிருந்தேன்.

தயவுசெய்து கடிதத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கொதிகலன் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்குப் பொழுது போகவில்லை, பிள்ளையும் கப்பல் வேலைக்குப் போய்விட்டான், மருமகள் இந்தக் கழுகு வளர்ப்பு மையத்துக் குடியிருப்பில் தனியாக இருக்கிறாளே, துணையாகப் போய் இருப்போம் என்று நாங்கள் வந்து சேர்ந்தோம். தங்கள் மகள் டாக்டர் என்று சொல்லித்தான் எங்களுக்குக் கொடுத்தீர்கள். எந்த இனத்துக்கு டாக்டர் என்று நாங்களும் கேட்கவில்லை, தாங்களும் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. போகட்டும். வந்த அன்றே என்னைக் கூண்டு கூண்டாக அழைத்துப் போய்க் காட்டினாள். செத்த மாட்டின் வயிற்றுக்குள் தலையை விட்டுத் தின்னும்போது ரத்தம் ஒட்டக்கூடாது என்றுதான் அதன் தலை வழுக்கையாம். என் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நம்மைக் கொல்லக்கூடிய கிருமிகூட அதன் வயிற்றில் ஜீரணமாகிவிடுமாம், அப்படி ஒரு அமிலம். வெயில் அதிகமானால் தன் காலிலேயே தான் கழித்துக் குளிர்ச்சி பண்ணிக்கொள்ளுமாம். இதைக் கேட்டதும் என் மனைவி குடியிருப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான் மட்டும் நின்று கேட்டேன். ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுமாம், ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்குமாம், ஒரு காலத்தில் வானத்தை மறைத்துப் பறந்த கூட்டத்தில் இப்போது மிச்சம் இருப்பவை விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டனவாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் மாறியது. அந்தக் குரல் யாரிடமிருந்து வந்தது என்று அன்று வாசலில் தாங்கள் என்னை விசாரித்தபோதுதான் தெரிந்தது.

சென்ற வாரம் காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்துவிட்டது. முட்டைகளோ குஞ்சு பொரிக்கும் இயந்திரத்துக்குள் இருக்கின்றன. ஜெனரேட்டரைப் போட்டார்கள். அதன் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குக் கை பரபரத்தது. எத்தனை கொதிகலன்களைப் பார்த்த கை. ஒரு திருகாணியை லேசாகத் திருப்பினேன். ஜெனரேட்டர் நின்றுவிட்டது. நான் திருப்பியதற்கும் அது நின்றதற்கும் தொடர்பில்லை என்பது என் தொழில்முறைக் கருத்து. மெக்கானிக் வேறு மாதிரிச் சொன்னான், அவன் சின்ன வயசு. ஜெனரேட்டர் மறுபடி ஓடியதும், உள்ளே சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று பொரிப்பு இயந்திரத்தின் கதவைத் திறந்தேன்.  தங்கள் மகள் கதவை மூடினாள், கண்ணை மூடினாள். பிறகு உள்ளறைக்குப் போய், கம்பளிக் காலுறை ஒன்றில் எதையோ சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஒரு பெரிய பொறுப்பு குடுக்கப் போறேன். மிஷின்ல இடம் பத்தல. இந்த முட்டைக்கு உங்க உடம்புச் சூடுதான் சரியா இருக்கும்."

வெளிச்சம் படக்கூடாது, காலுறையை விட்டு வெளியே எடுக்கக்கூடாது, நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூடாது, அடிக்கடி திருப்பி வைக்க வேண்டும், முக்கியமாகப் பேசவே கூடாது என்றாள். மனிதக் குரல் கேட்டுப் பழகிவிட்டால் குஞ்சு வெளியே வந்ததும் தன்னை மனிதன் என்று நினைத்துக்கொள்ளுமாம், பிறகு எந்தக் கழுகும் அதைக் கட்டிக்கொள்ளாதாம். சம்பந்தி, தாங்களும் நானும் பிள்ளைகளுக்கு வரன் தேடி அலைந்தவர்கள். ஒரு ஜீவனின் கல்யாணம் என் வாயால் தடைப்படலாமா? அந்தக் கணமே வாயை மூடினேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நிம்மதியை அனுபவித்ததில்லை என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காலையில் காப்பி கொடுக்க வந்தவள் என் வயிற்றையும் அதன்மேல் இருந்த என் கையையும் பார்த்துவிட்டு, "நம்ம புள்ளைய ஒரு நாளாவது இப்படி வச்சிருந்திருப்பீங்களா?" என்று கேட்டாள். பதில் இருந்தது. பேசக்கூடாது என்பதால் சொல்லவில்லை.

மனிதக் குரல் கூடாது என்றால் கழுகுக் குரலாவது கேட்க வேண்டாமா என்று நானே யோசித்தேன். பாறு கழுகுக்குப் பாட்டெல்லாம் வராது. சீறும், உறுமும், அவ்வளவுதான். கூண்டுப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். மதியத்துக்குள் ஒரு மாதிரி பிடிபட்டுவிட்டது. நான் சீறினால் காலுறைக்குள் லேசாக ஒரு அசைவு. கையை வைத்தால் உருளுகிறது. உள்ளே உதைக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அந்த நேரத்தில்தான் தாங்கள் வந்தீர்கள். மனைவி கடைக்குப் போயிருந்தாள், தங்கள் மகள் இயந்திர அறையில் இருந்தாள். தாங்கள் கையில் ஒரு பெரிய துணிப்பையுடன் வாசலில் நின்று, "என்ன சம்பந்தி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டீர்கள். எழுந்திருக்க நினைத்தேன், முடியாது. பேச நினைத்தேன், கூடாது. கண்ணாலேயே எல்லாவற்றையும் விளக்கினேன். அதைத்தான் தாங்கள் முறைத்ததாக எடுத்துக்கொண்டீர்கள். வயிற்றைச் சுட்டிக்காட்டினேன். "வயித்து வலியா?" என்று கேட்டுக்கொண்டு போர்வையை விலக்க வந்தீர்கள். வெளிச்சம் பட்டுவிடுமே என்ற பதற்றத்தில், காலையிலிருந்து பழகிய வாய், தானாகவே சீறிவிட்டது. நல்ல சீறல்தான் அது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

தாங்கள் பின்வாசல் வழியாக ஓடியிருக்க வேண்டாம். அங்கேதான் வக்கீலின் கூண்டு. கறுப்பு உடம்பும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக இருப்பதால் அந்தப் பறவைக்கு அந்தப் பெயர். இறக்கை ஒடிந்து வந்து குணமாகிக்கொண்டிருக்கிறது. தாங்கள் அதன் கம்பிவலையில் சாய்ந்து மூச்சு வாங்கியிருக்கிறீர்கள். தங்கள் மகள் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். பாறு கழுகு பயந்துவிட்டால், பறந்து தப்ப உடம்பு லேசாக வேண்டும் என்று, தின்றதையெல்லாம் கக்கிவிடும். ஆகவே அது தங்களை அவமதிக்கவில்லை. பயந்திருக்கிறது. இந்த வீட்டில் என்னைப் பார்த்துப் பயப்படும் ஜீவன் ஒன்றுகூட இல்லை. தாங்கள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இனிதான் நான் உண்மையாக வருந்தும் விஷயம். தாங்கள் போட்டுவிட்டு ஓடிய துணிப்பையைத் தங்கள் மகள் திறந்தாள். உள்ளே அட்டைப் பெட்டிகள். எல்லாம் மாட்டுக்குப் போடும் அந்த வலி ஊசி மருந்து. அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் பாறு கழுகின் சிறுநீரகம் கெட்டுப்போகும், தலை தொங்கிப்போய்க் கிளையில் உட்கார்ந்தபடியே செத்து விழுந்துவிடும், ஒரு மாட்டைச் சுற்றிக் கூட்டமே பந்தியில் உட்காரும் என்பதால் கூட்டமே போய்விடும் என்று அவள் சொல்லித்தான் எனக்கும் தெரியும். தங்கள் மருந்துக்கடை அலமாரியில் அது இருக்கும்வரை வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவள் சொன்னதும், ஊரில் மாடு வலியில் கத்தினால் நான் என்ன பாட்டா பாடுவது என்று தாங்கள் கேட்டதும், அதிலிருந்து தகப்பனும் மகளும் பேசிக்கொள்ளாததும் நான் அறிந்ததே. "இதை இங்கயே கொண்டுவந்து காட்டணுமா அப்பா?" என்று வெறும் வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தங்கள் கடைக்குப் போன் செய்யச் சொல்லி ஜாடை காட்டினேன். தங்கள் கடையில் நிற்கும் பெண்தான் எடுத்தாள். முதலாளி அந்த மருந்தை மொத்தமாக அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார், கழுகுக்குக் கெடுதல் செய்யாத வேறு மருந்தைத்தான் இனி வைக்கப்போகிறாராம், பழையதை என் மகள் கையாலேயே அழிக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார், ஏன் இன்னும் வந்து சேரவில்லையா என்று அவள் கேட்டாள். தங்கள் மகள் போனைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

அவளாகத் தங்களைக் கூப்பிட மாட்டாள். தாங்களாக வர மாட்டீர்கள். இரண்டு பேரும் ஒரே அச்சு. நடுவில் நான் ஒருவன் சீறிக் காரியத்தைக் கெடுத்துவிட்டேன். ஆகையால் இந்தக் கடிதத்தையே காலில் விழுந்ததாகக் கருதி, தயவுசெய்து ஒரு முறை வாருங்கள். முன்வாசல் வழியாக வந்து முன்வாசல் வழியாகவே போகலாம். இதை எழுதும் இப்போதும் அது என் வயிற்றில்தான் இருக்கிறது. தாங்கள் வரும்போது குஞ்சு பொரித்திருந்தால், அதற்குத் தாங்களே பெயர் வைக்க வேண்டும். ஒரு கொதிகலன்காரன் தன் உடம்புச் சூட்டால் ஒரு இனத்தையே காத்தான் என்று நாளைக்கு நாலு பேர் சொன்னால், அதில் தங்களுக்கும் பாதி பங்கு உண்டு.

சம்பந்தியம்மாவுக்கு என் மரியாதையையும், சின்னவர்கள் எல்லோருக்கும் என் ஆசியையும், தங்கள் சட்டையை வெளுப்பவருக்கு என் அனுதாபத்தையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாத,
தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை எழுத்துப்பிழை பார்க்கத் தங்கள் மகளிடம் கொடுத்தேன். பாதி படிக்கும்போதே சிரிக்க ஆரம்பித்தாள். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா, அது மரமுட்டை," என்றாள். கழுகின் நிஜ முட்டையை இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டால், தாய் தகப்பன் ஏமாந்து அடையிலேயே உட்கார்ந்திருக்க அடியில் வைக்கும் போலி முட்டையாம். நான் ஜெனரேட்டர் பக்கமும் இயந்திரத்தின் பக்கமும் வராமல், வாயையும் மூடிக்கொண்டு ஒரே இடத்தில் இருந்தால் போதும் என்று கொடுத்தாளாம். என் மனைவிக்கு முதலிலிருந்தே தெரியுமாம். உதைத்தது குஞ்சு அல்ல, என் வயிற்று இரைச்சல். ஆகவே மேலே தியாகம், கண்ணீர், இனத்தைக் காத்தது என்று வரும் இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். மன்னிப்பு கேட்க வேண்டியவன் நான் அல்ல. கேட்க வேண்டியவள் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். இந்தக் கடிதத்தைத் தானே கொண்டுவருகிறேன், அப்பாவைப் பார்த்து வெகு நாளாயிற்று என்கிறாள். ஆகையால் தாங்கள் இங்கு வர வேண்டாம்.

அவள் கிளம்பும் நேரத்தில், கடைசிக் கூண்டு ஜோடியின் முட்டை உடைந்துவிட்டது என்று செய்தி வந்தது. இயந்திரத்தில் குஞ்சு பொரித்ததும் அதை அந்த ஜோடிக்குத் தத்துக் கொடுத்துவிடுவார்களாம், அதுவரை அவை அடையை விட்டு எழுந்துவிடக்கூடாதாம். மரமுட்டையைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன், சூடாகவே இருந்தது. அவள் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருப்பதால், கூண்டுகளைக் கண்காணிக்கும் கேமரா அறையில் உட்கார்ந்து பார்த்தபடியே இதை எழுதுகிறேன். ஆண் கழுகு வந்தது, அலகால் அதை இரண்டு தடவை உருட்டிப் பார்த்தது, இறக்கையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக அதன்மேல் உட்கார்ந்தது. ரொம்பப் பெருமையாக இருக்கிறது அதன் முகம். அதனிடம் இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.