பிறந்த வீட்டுத் தண்ணீர்

ஏழு மலைகளுக்கு நடுவே நிறைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே எதற்கும் பற்றாக்குறை கிடையாது. மன்னர் வாரம் ஒருமுறை அறிவித்ததால் இது மக்களுக்கும் தெரிந்திருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். வாக்காளர்கள் குழம்பிவிடக் கூடாது என்ற கருணையால் ஒருவர் மட்டுமே போட்டியிட அனுமதி இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் குறைநாடு. அது நிறைநாட்டார் வைத்த பெயர். அவர்களும் இவர்களை அதே பெயரால்தான் அழைப்பதாகக் கேள்வி. ஒரு விழாவில் புகைப்படம் எடுத்தபோது நடுவில் நிற்பது யார் என்பதில் இரு மன்னர்களுக்கும் மனத்தாங்கல் வந்தது. அன்றிலிருந்து நிறைநாட்டு வண்டிகளுக்குக் குறைநாட்டு பெட்ரோல் பங்க்குகளில் டீசல் ஊற்றுவதில்லை. எனவே அங்கே போகிறவர்கள் திரும்பி வருவதற்கான டீசலையும் கேனில் எடுத்துப் போனார்கள்.

இதைக் கேள்விப்பட்டு மன்னர் மனம் நொந்தார்.

"பஞ்சமே இல்லாத நாட்டில் உபரி கேன் எதற்கு?" என்று அவையில் கேட்டார்.

"கேனில் இருப்பது டீசல் அல்ல மன்னா, சந்தேகம்" என்றார் பேரமைச்சர்.

மறுநாள் அரசாணை வந்தது. உபரி எரிபொருளோடு எல்லை தாண்டுவது அரசின் மீதான அவநம்பிக்கை. மூன்று மாதம் சிறை. மக்கள் கேனை விட்டுவிட்டுப் பெரிய டாங்க் பொருத்திக்கொண்டார்கள். அடுத்த ஆணை வந்தது. போய்ச் சேரும் அளவுக்கு மட்டுமே டாங்கில் டீசல் இருக்கலாம். மிச்சத்தை எல்லையிலுள்ள கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டி எரித்துவிட வேண்டும். அப்படிச் சுற்றும் வண்டிகளைப் படம் பிடித்து, 'சாலையெங்கும் வளம்' என்று தலைநகரில் சுவரொட்டி ஒட்டினார்கள். பங்க்கில் வரிசை நிற்பது அண்டை நாட்டார் கண்ணில் படலாமா என்று யோசித்து, எல்லையிலிருந்து முப்பது மைலுக்கு உள்ளே இருந்த பங்க்குகளையும் மூடினார்கள். போனவர்கள் எப்படித் திரும்புவது என்று கேட்டவர்களுக்கு, திரும்புதல் அடுத்த திட்டக் காலத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

இந்த நிலையில்தான் திருமேனிக்கும் வடிவுக்கும் மகளை அழைத்து வரும் வேளை வந்தது. ஒரே மகள் தேமொழி குறைநாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டும்.

"வர்ற வழியில வண்டி நின்னா மலைமேலயா பெத்துக்குவா?" என்றாள் வடிவு.

"கேன் வெச்சா மூணு மாசம் உள்ள. அப்புறம் பேரப்பிள்ளைய ஜெயில்லதான் கொண்டுவந்து காட்டணும்."

"குடம் வெச்சா?"

திருமேனி மனைவியைப் பார்த்தார். முப்பது வருடமாக அப்படிப் பார்த்துத்தான் அவளிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

நிறைநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிரசவத்துக்கு மகளை அழைக்கப் போகும் தாய், பிறந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து எடுத்துப் போவாள். மகள் அதில் ஒரு வாய் குடித்த பிறகுதான் வண்டி ஏறுவாள். சென்ற தேர்தலில் தாய்மார்களின் உள்ளம் குளிர மன்னர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: சீர்க்குடத்தை எந்த அதிகாரியும் திறக்கக் கூடாது, அதில் இருப்பது தண்ணீர் என்றே கொள்ளப்படும்.

வடிவு இரண்டு குடங்களில் டீசல் நிரப்பினாள். மகள் குடிக்க ஒரு செம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டாள்.

எல்லையில் கொடிக்கம்பத்தைப் பதினோரு முறை சுற்றிய பிறகு, சுங்க அதிகாரி வேனுக்குள் தலையை நீட்டினார். மீசையும் முத்திரைக் கட்டையும் பெரிதாக உள்ள மனிதர்.

"ரெண்டு குடமா?"

"ரெட்டைப் பிள்ளைங்கய்யா" என்றாள் வடிவு.

அதிகாரி மூக்கை உறிஞ்சினார். "உங்க ஊர்த் தண்ணி ஒரு மாதிரி வாசம் அடிக்குதே."

"எங்க ஊர்க் கிணத்துல இறைச்சாலே இப்படித்தாங்க. மனு கூட குடுத்திருக்கோம்."

"மனுவா? அப்ப நாட்டுல குறை இருக்குங்கிறீங்க?"

"பாராட்டு மனுங்கய்யா."

அதிகாரி திருப்தியடைந்தார். சீர்க்குடத்துக்கு அரசு மரியாதை செய்வது விதி என்று சொல்லி, கற்பூரத் தட்டை எடுத்து வரச் சொன்னார். திருமேனி கதவுப் பிடியில் கை வைத்தார்.

"வேண்டாங்கய்யா" என்றாள் வடிவு அமைதியாக. "பிள்ளைத்தாச்சி பக்கத்துல இல்லாம குடத்துக்குத் தீபம் காட்டுனா, காட்டுனவங்க வீட்டுக்கு ஆகாதும்பாங்க."

சட்டத்துக்கு அஞ்சாத அந்த அதிகாரி தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார்.

தேமொழி செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டி ஏறினாள். ஆனால் அன்று மன்னர் நல்லெண்ணப் பயணமாகக் குறைநாட்டுக்குப் புறப்படுகிறார் என்று நேர்ச்சாலையை அடைத்திருந்தார்கள். மலையைச் சுற்றி வந்ததில் இரண்டு குடங்களும் காலியாயின. எல்லைக்குள் நுழைந்து நூறடி வந்ததும் வேன் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அதே நேரம் தேமொழி தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, இடுப்பு வலிக்குதும்மா. நேரமில்லன்னு நினைக்கிறேன்."

மருத்துவச்சி இருந்த ஊருக்கு இன்னும் பன்னிரண்டு மைல்.

எதிரே மன்னரின் அணிவகுப்பு நின்றிருந்தது. நாற்பத்தொரு வண்டிகள். ஒவ்வொன்றின் பின்னிருக்கையிலும் மாவிலை செருகிய பித்தளைக் குடங்கள். சுங்க அதிகாரி பதிவேட்டை ஏந்தியபடி பேரமைச்சரின் முன் வளைந்து நின்றார்.

"மன்னிக்கணும். விதிப்படி கேட்டாகணும். யாருக்குத் தலைப்பிரசவம்?"

பேரமைச்சர் சற்று யோசித்தார். "மன்னருக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்."

அதிகாரி எழுதிக்கொண்டார். "எத்தனை குழந்தைகள்?"

வடிவு அதற்கு மேல் காத்திருக்கவில்லை. நேராக நடந்துபோய்க் கடைசி வண்டியிலிருந்து ஒரு குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். திருமேனி சீர்த்தட்டில் கிடந்த வாழை இலையைச் சுருட்டிப் புனலாக்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குடத்திலிருந்தது வேனின் டாங்குக்குள் இறங்கியது. மலையடிவாரம் முழுவதும் வாசனை பரவியது.

"ஏய், என்னம்மா ஊத்தறே?" என்று அதிகாரி ஓடி வந்தார்.

"மன்னர் வண்டியில இருந்ததுங்கய்யா. இது என்னன்னு நீங்களே சொல்லுங்க. அப்படியே பதிவேட்டுல எழுதிக்கோங்க."

அதிகாரி பேரமைச்சரைப் பார்த்தார். பேரமைச்சர் மன்னரின் வண்டியைப் பார்த்தார். அந்த வண்டியின் கண்ணாடி மெதுவாக மேலே ஏறி மூடிக்கொண்டது.

"தண்ணீர்" என்றார் பேரமைச்சர்.

"தண்ணீர்" என்று எழுதி முத்திரை குத்தினார் அதிகாரி. மூன்றாம் முறை சாவியைத் திருப்பியதும் வேன் கிளம்பியது. அந்திக்குள் தேமொழிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரே குழந்தைதான். பொய் சொன்னதற்கு வடிவு குலதெய்வத்திடம் மட்டும் மன்னிப்புக் கேட்டாள்.

பதிவேடு தலைநகருக்குப் போனது. தண்ணீர் ஊற்றியதும் வண்டி ஓடியது என்று முத்திரையோடு எழுதியிருந்ததால், சந்தேகிக்க யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. நிறைநாட்டு வண்டிகள் இனி தண்ணீரில் ஓடும் என்று அரசு பெருமிதத்தோடு அறிவித்தது. மிச்சமிருந்த பங்க்குகளையும் மூடியது. மக்கள் மாடு வாங்கினார்கள், நடந்தார்கள், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்துக் குறைநாட்டிலிருந்து ஓலை வந்தது. நல்லெண்ணப் பயணம் எதிர்பார்த்ததைவிட நீண்டுவிட்டதாம். கொண்டுபோன குடங்களும் காலியாகிவிட்டனவாம். அங்கே நிறைநாட்டு வண்டிக்கு யாரும் டீசல் ஊற்றுவதில்லையாம். தேர்தல் நெருங்குகிறது, ஒரே வேட்பாளர் ஊரில் இல்லை. மன்னர் திரும்பி வர வீட்டுக்கு ஒரு குடம் நிரப்பி அனுப்புக என்று ஆணை பிறந்தது.

நிறைநாட்டு மக்களைப் போல விசுவாசமான குடிகளை எங்கும் பார்க்க முடியாது. ஒரு வீடு பாக்கியில்லாமல் குடம் அனுப்பினார்கள். மாவிலை, மஞ்சள், தேங்காய், எதிலும் குறை வைக்கவில்லை. வடிவு பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டே தன் குடத்தை நிரப்பினாள்.

அரசாணையை எழுத்துப் பிசகாமல் மதித்து, கிணற்றிலிருந்து, தளும்பத் தளும்ப.