நூறோடு வயதைக் கூட்டு

அன்று காலை கிரேன் ஓட்டுநர் உருப்படியாகச் செய்த கடைசிக் காரியம், சட்டையின் மேல் பொத்தானை மனைவி தைத்து முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் நின்றதுதான்.

எட்டரை மணிக்குத் தொழிற்சாலை மருத்துவமனைத் தாழ்வாரத்தில், வருடாந்தரச் சோதனைக்காக, வேகமாகப் படியேறி வந்த மூச்சு அடங்குமுன்னே எந்திரத்துக்குள் கையை நுழைத்தார். சீட்டு வந்தது. ரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்திரண்டு.

நூற்று ஐம்பதைத் தாண்டினால் கிரேனில் ஏறக் கூடாது. கீழே கிடங்கில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டும் வேலைதான். முப்பத்தைந்து வருடம் எல்லோருடைய உச்சந்தலையையும் மேலேயிருந்து பார்த்தவருக்கு அது தாங்குமா? மனைவிக்குப் போன் போட்டார்.

"பதறாதீங்க. வயிறு நிறையத் தண்ணி குடிங்க, தானா இறங்கிடும்."

இரண்டு பாட்டிலைக் காலி செய்தார். கழிப்பறைக்குப் போனால் வரிசையில் இடம் போய்விடும். கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு கையை நுழைத்தார். நூற்று ஐம்பத்தைந்து.

"உன் வைத்தியத்துல மூணு ஏறிடுச்சுடி!"

"கத்தாதீங்க, இன்னும் ஏறும். இருங்க, தம்பிகிட்ட குடுக்கறேன்."

மைத்துனன் மருந்துக் கடையில் பில் போடுபவன். குடும்பத்துக்கு அவன்தான் அரை டாக்டர்.

"மாமா, வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும். நூறோட வயசைக் கூட்டுங்க. அதுக்குள்ள இருந்தா நார்மல்."

"எனக்கு அம்பத்தேழுடா. இரு..." பேசிக்கொண்டே மறுபடி கையை நுழைத்தார். நூற்று ஐம்பத்தெட்டு. "ஐயோ, ஒண்ணு கூடிப்போச்சே மச்சான்!"

"அது சர்டிபிகேட் வயசு மாமா. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது உங்கப்பா மூணு வருஷம் குறைச்சுச் சொன்னாருன்னு அக்கா சொல்லுமே. நிஜத்துல உங்களுக்கு அறுபது. நூத்தி அறுபது வரைக்கும் இடம் இருக்கு!"

போன உயிர் திரும்பி வந்தது. சீட்டோடு டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"டாக்டர், எனக்கு அறுபது வயசு. பதிவுல இருக்கறது பொய்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதித் தருவீங்களா?"

"தாராளமா."

பிறந்த தேதியைக் கிழமையோடு சேர்த்துக் குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாள் மாடியேறி மேலாளரிடம் போய்ப் பத்தே நிமிடத்தில் இறங்கி வந்தது. கூடவே அலுவலக எழுத்தரும் வந்தார்.

"அண்ணே, இங்க அம்பத்தெட்டுல ஓய்வு. நீங்க ரெண்டு வருஷம் முந்தியே வீட்டுக்குப் போயிருக்கணுமாம். கிரேன் சாவியைக் குடுத்துடுங்க."

கொடுத்தார். கழிப்பறைக்குப் போய்வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே கிரேன் ஏணியில் வேறு யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பை மூடுமுன் கடைசியாக ஒரு அளவு வேண்டும் என்று நர்ஸ் வந்து அவர் கையில் பட்டையைச் சுற்றினாள்.

"நூத்தி இருபத்தாறு சார். கால்மேல கால் போட்டு, அவசரத்தை அடக்கிக்கிட்டு, போன்ல கத்திக்கிட்டே பார்த்தா யாருக்குத்தான் ஏறாது? இது அம்பத்தேழுக்கும் நார்மல்தான், அறுபதுக்கும் நார்மல்தான்."