பொம்மைக்குக் கூறைப்புடவை

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண் எதற்கு இருக்கிறது என்றே தெரிவதில்லை. எதிரே லாரி வந்தால்கூட அதைப் போனில் படம் பிடித்துவிட்டுத்தான் ஒதுங்குகிறார்கள். பிறகு அது நிஜ லாரியா, பொய் லாரியா என்று ஊரே அடித்துக்கொள்கிறது. போனில் வருவது அத்தனையும் பொய் என்பது நயினாரின் கட்சி.

ஆனால் அன்றைக்கு அவர் பிழைப்பே போனில் வந்த ஒரு படத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

"நயினார், நீ அங்க காவலுக்கு இருக்கியா, இல்லியா?" என்று முதலாளி பராசரன் போனில் கத்தினார். ஒரகடத்தில் அரைகுறையாக நிற்கிற மாடிக் கட்டடம் அவருடையது. நயினார் அதற்குப் பகல் வாட்ச்மேன்.

"இங்கதான் கீறேன் சாமி."

"நம்ம திருஷ்டி பொம்மைக்கு தினம் எவனோ வேஷம் கட்டி ஃபேஸ்புக்குல போடறான். அமெரிக்காவுலேர்ந்து என் மச்சினன் பாத்துட்டுச் சிரிக்கறான்! நீ இருக்கச்சே எவன் மேல ஏறறான்?"

"எவனும் ஏறல. அல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது."

"அதையும் பாத்துடலாம். 'உரிச்சுப் பார்ப்போம்'னு ஒரு கோஷ்டி. நெட்டுல வர பொய்யைக் கண்டுபிடிக்கறவா. இன்னிக்கு நேர்லயே வரா. படம் பொய்ன்னு அவா சொல்லிட்டா நீ இருக்கலாம். நிஜம்னா, நீ தூங்கறேன்னு அர்த்தம். நாளைலேர்ந்து வரவேண்டாம்."

நயினார் தூங்குகிறவர் அல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். அவ்வளவுதான்.

பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி செல்போன் கம்பெனிக்குப் போகிற இசக்கிசெல்வி, நைட் ஷிப்ட் முடித்துக் கொட்டாவியோடு வந்துகொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவளை நிறுத்திப் படத்தைக் காட்டச் சொன்னார்.

ஹெல்மெட்டும் யூனிபார்முமாக பொம்மை. கிரிக்கெட் மட்டையோடு பொம்மை. கடைசியாகக் கூறைப்புடவை கட்டி, மாலையும் கழுத்துமாக பொம்மை. கீழே பாதிப் பேர் 'ஆகா, கலை' என்று உருகியிருந்தார்கள். மீதிப் பேர் 'போட்டோஷாப்' என்று திட்டியிருந்தார்கள்.

"பொய்யி," என்றார் நயினார்.

"நெசந்தான் தாத்தா. நான்தான் கட்டுதேன். எங்க மொட்டமாடியில இருந்து பலகை போட்டு வருவேன், நீங்க மத்தியானம் யோசிக்கிற நேரமாப் பாத்து."

"நீயா? இன்னாத்துக்கு?"

"லைன்ல ஷிப்ட் பூரா ஒரே திருகாணியத் திருகுதோம். இதையாவது மாத்தி மாத்திச் செய்யலாம்லா?"

"உன் ஷாலையே உனக்கு ஒழுங்கா போடத் தெர்ல. நீ பொம்மைக்குப் புடவ கட்டினியா? போம்மா, போய்த் தூங்கு."

சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது மாடித் தூணில் பொம்மை கல்யாணக் கோலத்தில் நின்றது.

"வெயில்ல அப்பிடித் தெரியுது," என்றார். இருந்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று மாடி ஏறினார்.

"நானே அவுத்துத் தாரேன் தாத்தா. ஊக்கு எங்க குத்திருக்குன்னு எனக்குத்தான தெரியும்?" என்று பின்னாலேயே ஓடிவந்தாள் இசக்கிசெல்வி.

"உன்ன நம்பினா அவ்ளோதான்," என்று முந்தானையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார்.

புடவை வந்தது. கூடவே பானைத் தலையும் வந்து, கீழே விழுந்து சுக்குநூறானது. தலையைப் பிடிக்கப் பாய்ந்ததில் கயிறு அறுந்து உடம்பும் ரோட்டோரம் போய் விழுந்தது. எங்கிருந்தோ வந்த மாடு ஒன்று, பந்திக்கு அழைத்ததுபோல் வைக்கோலை மெல்ல ஆரம்பித்தது.

எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருக்கும் பாஞ்சாலி குரல் கொடுத்தாள். "யோவ் பெரிசு! உன் வேலைய மாடு துன்னுது பாரு!"

"ஒரு பானை இருந்தா குடு பாஞ்சாலி!"

"பாய்லர்தான் கீது. தலைல மாட்டிக்கினு நிக்கிறியா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதே நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் முனையில் திரும்பியது. தானே பொம்மையாக நிற்பதைத் தவிர நயினாருக்கு வேறு வழி தெரியவில்லை. பொம்மையின் சட்டையையும் பேன்ட்டையும் மாட்டின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள் இசக்கிசெல்வி. அவற்றை அவருக்கு மாட்டிவிட்டு, பாஞ்சாலியின் அடுப்புக் கரியில் மீசை வரைந்தாள். கையை விரித்துத் தூணோடு கட்டினாள்.

"நாக்க நல்லா நீட்டுங்க தாத்தா. இப்பந்தான் பொம்ம லட்சணமா இருக்கு!"

காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஸ்ரீகிருஷ்ணா என்ற பையன் கழுத்தில் பீரங்கி மாதிரி ஒரு கேமரா. கூட வந்த மேதா கையில் லேப்டாப்.

"பாத்தியா மேதா? புடவையும் இல்ல, மட்டையும் இல்ல. வெறும் பொம்மை. எல்லாம் போட்டோஷாப்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

நயினாருக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. வேலை தப்பித்தது.

"ஆனா யாருப்பா இந்த மூஞ்சிய செஞ்சது? இவ்ளோ சிடுசிடுன்னு. சகிக்கல," என்றாள் மேதா.

அதையும் பொறுத்துக்கொண்டார். காக்கை ஒன்று வந்து தலையில் உட்கார்ந்தது. அதையும் பொறுத்துக்கொண்டார்.

"வாட்ச்மேன ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிளம்பிடலாம். வாட்ச்மேன் சார்!" என்று கூப்பிட்டான் ஸ்ரீகிருஷ்ணா.

'இன்னா' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாக்கு வெளியே இருந்ததால் பிழைத்தார்.

ஸ்ரீகிருஷ்ணா அவர் நம்பருக்கு அடித்தான். கீழே காலி நாற்காலியில் கிடந்த போன் அலறி அலறி ஓய்ந்தது. அவர்கள் போகவில்லை. வாட்ச்மேன் வரட்டும் என்று நிழலில் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்கள். மேலே காக்கையின் இறகு நயினாரின் மூக்கில் உரசியது. பொம்மைக்குத் தும்மல் வந்தால் கதை கந்தல்.

இசக்கிசெல்வி பதறிப்போய்க் கீழே ஓடினாள்.

"அவுக வரமாட்டாக. நீங்க கிளம்புங்க!"

"இப்ப வரமாட்டாரா? இல்ல, எப்பவுமே வரமாட்டாரா?" என்று கேட்டாள் மேதா.

மேலே பொம்மையின் மூக்கு சுருங்கியது.

"எப்பவுமேதான்! போங்க, போங்க!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்காலியை நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். கார் முனை திரும்பியதும் நயினார் தும்மிய தும்மலில் காக்கை வல்லக்கோட்டைக்கே பறந்திருக்கும்.

சாயங்காலம் டீக்கடையில் இசக்கிசெல்வி போனோடு குதித்தாள். "தாத்தா, போட்டுட்டாக! வேசமெல்லாம் பொய்யாம். அங்க இருக்கது வெறும் பொம்மதானாம்!"

"நான் இன்னா சொன்னேன்? பாஞ்சாலி, அல்லாருக்கும் டீ போடு! வேல தப்பிச்சுது!"

பாஞ்சாலி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக் கீழே தள்ளிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பெரிசு, முழுசா கேளு. 'பொம்மை அசல். அந்தக் கட்டடத்தில் ஒரு வாட்ச்மேன் இருப்பதாகச் சொல்வதுதான் கட்டுக்கதை'ன்னு போட்டுக்கிறாங்கய்யா!"

நயினார் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். பொம்மையின் பேன்ட்டை இடுப்புக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டு, "ஆளே இல்லியாமே... நான் நம்பல," என்றபடி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.