புதன்கிழமை நீ வருவது பற்றி

திண்ணனூர் நாடு,
3.6.2021, வியாழக்கிழமை.

அன்புள்ள கோகிலா அக்காவுக்கு,

தங்கை பூங்குழலி வணங்கி எழுதுவது. சேந்தமங்கலத்தில் நீயும் யுவராஜ் மாமாவும் உன் வயிற்றில் இருக்கும் எட்டு மாதக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முதல் வரியிலேயே அப்படி எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ ஃபோனில் அழுதாயாம். அண்ணாமலைக் கவுண்டர் வந்து சொன்னார். எனக்குக் கொரோனா என்று உனக்குச் சொன்னவரும் அவர்தான், அதைக் கேட்டு நீ அழுதாய் என்று எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். நம் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் டவர் கிடைக்கும், அங்கே எந்நேரமும் பத்துப் பேர் நிற்பார்கள், பத்துப் பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன என் சமூக அறிவியல் நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். மெர்சி நர்சம்மா சனிக்கிழமை மலையிறங்கித் தன் ஊருக்குப் போகும்போது இதை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற புதன்கிழமை உன்னைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன சனிக்கிழமை மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் இருந்தும் இன்னும் இரண்டு வரிசைதானே என்று நனைந்துகொண்டே வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உடம்பு சுட்டது. இருமல் இல்லை, சளி இல்லை, சூடு மட்டும்தான். முந்தின நாள்வரை செம்மேட்டில் நாலு நாளாகப் பலாப்பழ லோடு ஏற்றப் போயிருந்த அப்பா, அங்கே மெர்சி நர்சம்மா மைக்கில் சொன்ன நோயின் அடையாளங்களை எல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ரேஷன் கடையில் நம் இரண்டு பேருடைய வயதைக் கேட்டால் விரலை மடக்கி யோசிக்கிறவர், இதில் மட்டும் ஒன்றைக்கூட மறக்கவில்லை. காய்ச்சல், உடம்பு வலி, மூச்சு வாங்குவது, நாக்கில் ருசி போவது, மூக்கில் வாசனை போவது என்று வரிசையாகச் சொன்னார். என் நெற்றியில் புறங்கையை வைத்தவர், வைத்த கையை எடுக்க மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் காய்ச்சலைவிட அவர் முகம்தான் பயமாக இருந்தது.

அம்மா அதற்குள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டாள். காய்ச்சல் என்றால் அவளுக்கு மாரியாயி வந்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். இது அம்மை இல்லை, நர்சம்மாவே சொல்லியிருக்கிறார், ஊரைக் கூட்டாதே என்று அப்பா வேப்பிலையைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப் போகிறாள் என்பது நமக்குத் தெரியும். அப்பாவுக்குத்தான் இருபத்தைந்து வருடமாகியும் தெரியவில்லை.

அன்று முழுக்க எனக்குப் பசியில்லை. திங்கட்கிழமை காலையில் சூடு குறைந்து, அம்மா சாமைச் சோறும் அவரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் வைத்தேன். குழம்பு என்று சொன்னால்தான் அது குழம்பு. கண்ணை மூடிக்கொண்டால் வெந்நீர். அம்மாவின் சமையலைக் குறை சொல்லி நமக்குப் பழக்கமில்லை, அதுவும் அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சொல்வது? மென்றுகொண்டே இருந்தேன். விழுங்கத்தான் முடியவில்லை.

"சோறு எப்படி இருக்குது கண்ணு?"

"ருசியே தெரியலீங்கப்பா."

அப்பா நேராக அடுப்படிக்குப் போய் அதே சட்டியிலிருந்து அதே குழம்பை ஊற்றி ஒரு தட்டுச் சோற்றைச் சாப்பிட்டார். நல்லாத்தானே இருக்குது என்றார். அம்மாவையும் சாப்பிடச் சொன்னார். அவளும் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமல், எப்பவும் போலத்தான் இருக்குது என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார் அக்கா. அவர்கள் இரண்டு பேருக்கும் நன்றாக இருக்கிறது, எனக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. அப்போது நானும் நம்பிவிட்டேன். உன் குட்டியின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேன் என்றுதான் முதலில் தோன்றியது.

ஒரு மணி நேரத்துக்குள் மரவள்ளிக் காட்டுக் கொட்டாயில் என்னைக் குடிவைத்துவிட்டார்கள். பன்றிக் காவலுக்குப் போட்ட கொட்டாய்தான், நீயும் நானும் ஒளிந்து விளையாடியது. தடத்தில் அப்பா முள் வெட்டிப் போட்டார். சாப்பாட்டுத் தூக்கை ஆட்டுக்குத் தழை பறிக்கிற துரட்டியில் மாட்டி நீட்டுவார், நான் எடுத்துக்கொள்வேன். இரண்டாவது வேளையே ரசம் முழுவதும் முள்ளுக்குப் போனது. அது பரவாயில்லை, அந்த ரசத்திலும் ஒன்றும் இல்லை. ஒரே மூச்சில் முப்பது வரைக்கும் எண்ணினால் நெஞ்சு நன்றாக இருக்கிறதாம். அதற்காக அவர் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று, மணிக்கு ஒரு தடவை என்னைச் சத்தமாக எண்ணச் சொன்னார். எனக்கா சத்தம் வரும்? பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்வதற்கே பக்கத்துப் பெண் எனக்காகச் சொல்வாள். இருந்தாலும் அப்பாவுக்காகக் கத்தி எண்ணினேன். பதினெட்டு வரும்போது அண்ணாமலைக் கவுண்டர் மாட்டை ஓட்டிக்கொண்டு வரப்பில் வந்தார். எனக்கு வெட்கம் வந்து குரல் இறங்கிவிட்டது. இருபதில் நின்றேவிட்டது. அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு, ஐயோ மூச்சு நிக்குதே என்று முள்ளைத் தாண்டப் பார்த்தார். கவுண்டர்தான் இழுத்துப் பிடித்தார். அங்கிருந்து அவர் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருக்கிறார். பிறகு உனக்கு வந்த செய்தி உனக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை மூக்கைச் சோதித்தார். பழுத்த பலாப்பழம் ஒன்றைப் பிளந்து, பாதியைத் துரட்டியில் கட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினார். வாசனை கும்மென்று வந்தது, வருதுங்கப்பா என்றேன். என் அதிர்ஷ்டம், அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் மீதிப் பாதியைத் தன் மூக்கில் வைத்து முகர்ந்தார், திருப்பி வைத்து முகர்ந்தார், சுளையைப் பிய்த்தும் முகர்ந்தார். பிறகு என்னையே வெகுநேரம் பார்த்தார். அம்மாவிடம் போய், பழத்துக்கு வாசனையே இல்லை, பிள்ளை மட்டும் வாசம் அடிக்கிறது என்கிறாள், காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று சொல்லி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதாராம். எனக்கு அப்போது காய்ச்சலே இல்லை அக்கா. திங்கட்கிழமையே போய்விட்டது. ஆனால் அப்பா அழுகிறார் என்று தெரிந்த பிறகு, எனக்கு ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் சொன்னபடி படுத்தே கிடந்தேன்.

நேற்று மெர்சி நர்சம்மா வந்தார். தலை முதல் கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரிந்தது. எங்கள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அவர் என்னைக் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் நான் தலையை ஆட்டினேன். எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா முள்ளுக்கு வெளியே நின்று என் நாக்கைப் பற்றியும் மூளையைப் பற்றியும் சொன்னார். என் மூக்கில் குச்சியை விட்டு எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, இத்தனை அடையாளம் இருந்தால் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதுதான் நல்லது, நான் மட்டும் தனியாகத்தான் வண்டியில் போக வேண்டும், கூட யாரும் வர முடியாது என்று நர்சம்மா சொல்லிக்கொண்டே தாளில் எழுத ஆரம்பித்தார். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் நான் தனியாக வாந்தி எடுத்துக்கொண்டு போவது என் கண்ணுக்குள் ஓடியது. அப்பா முள்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அம்மா குறுக்கே வந்து நர்சம்மாவின் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க சாமி. புள்ளை நாக்குல ஒரு கோளாறும் இல்லீங்க. நான்தான் உப்புப் போடலீங்க."

வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தார் அல்லவா, அன்றைக்கே அம்மா மாரியாயிக்கு வேண்டிக்கொண்டாளாம். பிள்ளைக்கு உடம்பு ஆறி ஒன்பது நாள் ஆகும்வரை நம் அடுப்பில் உப்பு, மிளகாய், தாளிப்பு எதுவும் கிடையாது என்று. வாய்விட்டுச் சொன்னால் வேண்டுதல் பலிக்காது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் அதையே சாப்பிட்டுவிட்டு எப்பவும் போலத்தான் இருக்குது என்று எப்படிச் சொன்னாள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ஏ அத்தாயி, நாலு நாளா உப்பில்லாமயா ஆக்கிப்போட்ட?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க. இப்ப வெளிய சொல்லியாச்சு. மாரியாயி கோவிச்சுக்கிட்டா நீங்கதான் பதில் சொல்லோணும்."

முகமூடிக்குள் நர்சம்மா சிரித்தது அந்த உடுப்பு குலுங்கியதில் தெரிந்தது. எழுதியதை அடித்துவிட்டு, வெறும் மழைக் காய்ச்சலாகத்தான் இருக்கும், ரிசல்ட் வரும்வரை என்னை எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, நீங்களும் அந்தச் சோறுதான் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மூன்று வேளையும் அதேதான், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை என்று அப்பா பெருமையாகச் சொன்னார். நர்சம்மாவின் சிரிப்பு நின்றது. இன்னும் இரண்டு குச்சிகளை எடுத்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விட்டார். வீட்டுத் தலைவர் என்ற மரியாதைக்காக எடுக்கிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டு முகத்தை நன்றாக நீட்டினார். குச்சி உள்ளே போன பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

இப்போது எல்லாம் தெளிந்துவிட்டது. முள்ளை அப்பாவே இழுத்துப் போட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று மதியம் அம்மா உப்புப் போட்டு ஆக்கிய கீரைக் கடைசலை மூன்று தட்டுச் சோற்றுக்குப் போட்டுச் சாப்பிட்டேன். உனக்காக உள்ளறையைச் சாணம் தெளித்து மெழுகியாயிற்று. அப்பா கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டு, கால் ஆடுகிறது என்று ஆப்பு வைத்திருக்கிறார். இந்த வீட்டில் யாருக்கும் எந்த நோயும் இல்லை, உப்பு மட்டும்தான் இல்லாமல் இருந்தது. ஆகவே அக்கா, நீ ஒன்றும் யோசிக்காமல் புதன்கிழமை கண்டிப்பாக வா. அண்ணாமலைக் கவுண்டர் என்ன சொன்னாலும் நம்பாதே.

மாரியாயி கோபத்தை எல்லாம் எங்களிடமே தீர்த்துக்கொண்டு உன்னையும் குட்டியையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். மாமாவுக்கு என் வணக்கத்தை நீயே சொல்லிவிடு, நேரில் பார்த்தால் எனக்குச் சொல்ல வராது.

உன் அன்புத் தங்கை,
பூங்குழலி.

பின்குறிப்பு (சனிக்கிழமை காலை): அக்கா, புதன்கிழமை வராதே. ரிசல்ட் வந்துவிட்டது. எனக்கு இல்லை, அம்மாவுக்கும் இல்லை. அப்பாவுக்கு இருக்கிறது. நாலு நாள் உப்பில்லாத சோற்றை நல்லாத்தானே இருக்குது என்று சாப்பிட்டவர் அவர்தானே, எங்கள் யாருக்கும் அது உறைக்கவே இல்லை. நர்சம்மா வாசலில் நின்று சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா மட்டும், "புள்ளைக்கு இல்லைன்னு நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பாத்தாச்சுங்க, உங்களுக்குத்தான் இருக்குது என்றார் நர்சம்மா. "அது கெடக்குதுங்க. புள்ளைக்கு இல்லைல்ல?" என்று மறுபடியும் கேட்டார். இல்லை என்றதும் சிரித்தார் அக்கா. அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பாயைத் தானே சுருட்டிக்கொண்டு கொட்டாய்க்குப் போய், முள்ளையும் தானே இழுத்து அடைத்துக்கொண்டார். விரலில் கருவியை மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் தொண்ணூற்றேழு இருக்கிறது, பயமில்லை என்று நர்சம்மா சொன்னார். நீ வரக்கூடாது என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது என்று அப்பா அங்கிருந்து கத்துகிறார். முதல் வரியில் இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நர்சம்மா கிளம்பக் காத்திருக்கிறார். நான் முள்ளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பாவை எண்ணச் சொல்லியிருக்கிறேன். நான் கத்தியதை வரப்பில் நின்று கவுண்டர் பார்த்தார், பார்க்கட்டும். முப்பது வராமல் இதை மடிக்கமாட்டேன். இருபத்தாறு. இருபத்தேழு. கொஞ்சம் இருமுகிறார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. சரி அக்கா, மடிக்கிறேன்.