எல்லைக்கல் வீட்டு மக்கள்தொகை

மனிதர்களில் மாவட்டப் பிரியர் என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பல்லு வலி உயிர் போகுதுங்க, நல்ல டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர் பெயர் மட்டும் வராது. மாவட்டத்தில் எத்தனை வட்டம், வட்டத்துக்கு எத்தனை ஒன்றியம், ஒன்றியத்துக்கு எத்தனை ஊராட்சி, அதில் ஆளே இல்லாமல் பெயருக்கு இருக்கும் கிராமங்கள் எவை, போன கணக்கெடுப்புக்குப் பிறகு ஆண்கள் குறைந்து பெண்கள் கூடியது ஏன் என்று மூச்சு விடாமல் அடுக்கிவிட்டு, "ஆமா, நீங்க எந்த வட்டம்?" என்று முடிப்பார். வலி? அது உங்களோடுதான் இருக்கும்.

நம் ஆள் அந்த இனத்தின் அசல் வார்ப்பு. மாவட்ட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் வைத்த பெயர் எல்லைக்கல். அதையும் பட்டமாக எடுத்துக்கொண்டார், பாவம். கல்யாண வீட்டில் மணமக்களை வாழ்த்துமுன், "ஆக, வடக்கு ஒன்றியத்துல ஒண்ணு குறையுது, தெற்குல ஒண்ணு கூடுது" என்பார். இழவு வீட்டில் அவர் வாயைத் திறக்குமுன் மனைவி கையைக் கிள்ளிவிடுவாள். இல்லாவிட்டால் அடி விழுந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பழைய வரைபடம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து அலறிவிட்டார். தெரு முழுக்கக் கிழக்கு வட்டத்தில் கிடக்கிறது. வரைபடப்படி எல்லைக்கோடு தெரு நடுவில் ஓட வேண்டும், அவர் வீட்டு வரிசை மேற்கு வட்டம்! இத்தனை வருஷம் இதனால் யாருக்காவது நஷ்டமா? இல்லை. மாற்றினால் லாபமா? அதுவும் இல்லை. ஆனாலும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மனு மேல் மனு போட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, இவர் தொல்லை தாங்காமல் அவர்கள் எல்லைக்கோட்டை நகர்த்திய பிறகுதான் ஓய்ந்தார். கைக்குழந்தையோடு வந்திருந்த மகளிடமிருந்து பேத்தியை வாங்கி, "மேற்கு வட்டத்துக்குப் புது வரவுடி நீ!" என்று கொஞ்சினார்.

கோடை வந்தது. குழாய் வறண்டது. கிழக்கு வட்டத்துத் தண்ணீர் லாரி அவர் வாசலிலேயே வந்து நின்றது. மேற்கு வட்டத்து லாரிக்கோ இப்படியொரு வரிசை இருப்பதே தெரியாது. மனைவி குடத்தோடு ஓடினாள்.

"அம்மா, உங்க வரிசை இப்ப எங்க வட்டத்துல இல்ல. ஊத்தினா என் வேலை போயிடும்," என்றார் டிரைவர்.

"போன வருஷம் ஊத்தினியேப்பா!"

"யாரோ புண்ணியவான் மனு போட்டு மாத்திட்டாராம்."

மனைவி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். புண்ணியவான் வாசற்படியில் நின்று, "டிரைவர் சொல்றது சரிதான். விதிப்படி பார்த்தா..." என்று ஆரம்பித்தார். உள்ளே பால்மாவு கரைக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் குழந்தை வீறிட்டது.

"கிளம்புடி," என்றாள் மனைவி, மகளிடம். குழந்தை, துணிமணி, பால்புட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் தெருவைக் கடந்து எதிர்வரிசையில் இருந்த மனைவியின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். படியேறுமுன் மனைவி நின்று சொன்னாள்: "உங்க வட்டத்துல மூணு பேரைக் குறைச்சுக்குங்க."

அந்த வீட்டின் மக்கள்தொகை ஒன்று ஆயிற்று. மறுநாள் அந்த ஒன்றுக்கு வாய் கொப்பளிக்கவும் தண்ணீர் இல்லை.

லாரி வந்தது. எல்லைக்கல் நகர்ந்தது. வாளியும் கையுமாக நடுத்தெருவைத் தாண்டி, எதிர்வரிசைக்காரர்களுக்குப் பின்னால் போய் நின்றார்.

"ஐயா, நீங்க எந்த வட்டம்?" என்றார் டிரைவர்.

ஆயுளில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை இன்னொருவர் அவரைப் பார்த்துக் கேட்டார். அவமானம்தான், ஆனால் தாகம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"மச்சினி வீட்டுக்குக் குடிவந்துட்டேன்பா," என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"இன்னும் யாரும் சேர்த்துக்கல!" என்று அந்த வீட்டு ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்காவது, "அது சரி, இது எந்த மாவட்டம்?" என்று உங்கள் மனம் ஒரு தடவை கேட்டிருந்தால், எதற்கும் எழுந்து போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிடுங்கள்.