குழாய்க்காரர் சேற்றுச் சக்கரம் சூடிய படலம்

கசிவுகளின் காலனை, அடைப்புகளின் அந்தகனை, குழாய்க்குறடு ஏந்திய குன்றனைய தோளரை, மூன்று தெருக்களின் தொட்டிகள் எல்லாம் தம் பெயர் சொல்லித் ததும்ப நின்ற ஓங்குபுகழ்க் குழாய்க்காரரைப் பாடப் புகுகின்றது இவ்வுரை. நாவே, உலராதே! மூச்சே, இரண்டு பக்கம் முடியும் வரையிலாவது கூட இரு!

இத்தகு வீரரின் இரும்பு நெஞ்சிலும் ஈராண்டாக ஒரு முள் தைத்திருந்தது. ஆற்றங்கரைக்குக் குடும்பத்தோடு போன ஒரு பிற்பகலில், நான்கு சக்கரமும் ஒருங்கே இழுக்க வல்லது என்று விற்றவன் சத்தியம் செய்து கொடுத்த அவருடைய பிக்கப், வழவழத்த சாலை டயர்களோடு கரைச்சேற்றில் இறங்கி, சாய்ந்து, பெருமூச்சு விட்டு அமர்ந்துவிட்டது. அப்போது அவர் மனைவியின் அண்ணன், அதாவது மைத்துனர், தம் பிக்கப்பைத் தார்ச்சாலையில் பத்திரமாக நிறுத்தி, மஞ்சள் கயிறு ஒன்றை வீசி இழுத்துக் கரையேற்றினார். இழுத்ததோடு விட்டாரா? விடவில்லை. குடும்பம் எங்கே நாலு பேராகக் கூடினாலும் அந்தக் கதை அவிழும். முதலில் கணுக்கால் அளவாக இருந்த சேறு, சொல்லச் சொல்ல முழங்காலுக்கு ஏறி, இடுப்பைக் கடந்து, சென்ற மாதக் கணக்கில் கழுத்துக்கு வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் முத்தாய்ப்பாக, "மாப்ள, கயிறு சீட்டுக்குப் பின்னாடியே கெடக்கு. லேசா தூறுனாலும் ஒரு போன் போடுங்க" என்பார்.

கூரம்பு மாரியைத் தாங்கிவிடலாம். இந்தக் கரிசனத்தைத் தாங்க முடியுமோ? ஒரு காலை, முகத்தில் பாதி சவர நுரையோடு, கண்ணாடியில் தெரிந்த பாதி முகத்தைச் சாட்சி வைத்து வஞ்சினம் உரைத்தார் வீரர்: "இனிமே ஒருத்தன் கயிறும் என் வண்டியத் தொடாது!"

அதன்பின் மூன்று திங்கள் அவர் உண்டது சோறு எனினும் மென்றது டயர். விடுமுறை நாளொன்றில், அரைநாள் மட்டும் திறந்திருந்த டயர்க்கடையுள், பகைவர் கோட்டைக்குள் தனியே நுழையும் தளபதியென நுழைந்தார். ஆகா, அங்கே கருமுகில் கருமுகிலாக அடுக்கப்பட்டிருந்த வட்டப் பேருருக்கள்! சாலைக்கென்றே பிறந்த சன்னக் கோடர்கள் ஒருபுறம். சாலைக்கும் சரி, மேட்டுக்கும் சரி என்று இருபக்கமும் தலையாட்டும் நடுநிலையாளர்கள் ஒருபுறம். முதலையின் முதுகெனக் கட்டிகட்டியாகப் புடைத்து, இரு கட்டிக்கு நடுவே கட்டைவிரல் புதையும் பள்ளம் கொண்ட சேற்று டயர்கள் மூலையில் மதர்த்துக் கிடந்தன. வீரர் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். புதைந்தது. கண் கலங்கியது.

முப்பது ஆண்டாகக் காற்றை விற்றே வயிறு வளர்த்த டயர்க்கடைக்காரர், அவரை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார். "அண்ணே, வருசத்துல எத்தன நாளு சேத்துல ஓட்டுவீங்க?"

"ஒரு நாள் போதும்" என்றார் வீரர்.

அடுத்து ரிம். வெள்ளி நிலவென மின்னிய அலாய் கண்ணைப் பறித்தது. "அது பளபளப்புதாண்ணே. கல்லுல பட்டா விரிசல் விட்டுரும். ஸ்டீல்னா நெளியும், அடிச்சு நிமித்திக்கலாம்" என்றார் கடைக்காரர். வாழ்நாள் எல்லாம் நெளிந்ததை அடித்து நிமிர்த்தியே சோறு கண்ட கைக்கு வேறென்ன சான்று வேண்டும்? கரிய ஸ்டீலே வென்றது. ஆறு போல்ட்டும் பொருந்துமா என்று அளந்தார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசுமா என்று மல்லாந்து படுத்து அளந்தார். அளவு நாடா சலித்துத் தானே சுருண்டு கொள்ளும் வரை அளந்தார். "விட்டம் ரெண்டு இஞ்ச் கூடுது. வண்டி ஒரு இஞ்ச் எழும்பும், பாத்துக்குங்க" என்று கடைக்காரர் சொன்ன எச்சரிக்கையை மட்டும் அவர் பாராட்டென்றே செவிமடுத்தார்.

ஆயிரம் வண்டுகள் ஒருங்கே முரன்றாற்போல் டயர்கள் இரைய, தெருவே திரும்பிப் பார்க்க, வீரர் வீடு மீண்டார். "என்னங்க இது, டிராக்டர் மாதிரி சத்தம்!" என்று வாயிலில் நின்று வரவேற்றார் மனைவி. ஒரு சக்கரவர்த்தியின் முறுவலை அவர்பால் வீசிவிட்டு, மண் முற்றத்தைக் கடந்து ஷெட்டுக்குள் வண்டியைச் செலுத்தினார்.

இங்கேதான் விதி காத்திருந்தது. ஊரார் வீட்டில் எல்லாம் முழ ஆழம் தோண்டிக் குழாய் பதித்தவர், தம் வீட்டில் மாமியார் குளியலறைக்குப் போகும் குழாயை, தோண்டச் சோம்பல்பட்டு, ஷெட்டின் குறுக்கே அந்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அந்தக் குழாய்க்கும், வண்டியின் தலைமேல் இருந்த சாமான் தாங்கிக்கும் இதுநாள் வரை இருந்த இடைவெளி முக்கால் அங்குலம். வண்டி எழும்பியதோ ஓர் அங்குலம். எல்லாவற்றையும் அளந்த பெருமகனார் அண்ணாந்து மட்டும் அளக்கவில்லை.

படார்!

குழாய் பிளந்தது. நீர் பீறிட்டது. பிளந்த குழாயின் அடியில் தாங்கி சிக்கி வண்டி அசையாது நின்றது. அணை உடைந்த வெள்ளமென முற்றத்தில் பாய்ந்த நீரை உடனே அடைத்திருக்கலாம். ஆனால் வீரரோ முதலில் புது ரிம்களில் கீறல் விழுந்ததா என்று நான்கையும் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அதற்குள் முற்றம் களிச்சேறு ஆயிற்று. குளியலறையிலிருந்து அசரீரி எழுந்தது: "மாப்பிள்ள! தண்ணி நின்னு போச்சு! மூஞ்சியெல்லாம் சோப்பு!"

பதறிய மனைவி தம் அண்ணனுக்குப் போன் போட்டார். அடுத்த தெருக்காரர், ஆண்டு இரண்டாக இந்த அழைப்புக்கே காத்திருந்தவர். முகத்தில் கருணை வழிய, தம் பிக்கப்பைப் பின்னோக்கி முற்றத்தில் விட்டார். "நான் சொல்லல? கயிறு இருக்கு மாப்ள!" என்று அவர் முழங்கி முடிக்குமுன், வழவழத்த அவருடைய பின்சக்கரம் களியில் வழுக்கி, சுழன்று, அச்சு வரை அமிழ்ந்தது. அமிழ்ந்த இடமோ வீட்டின் மெயின் வால்வு இருந்த குழியின் மூடிமேல். அந்த வண்டி நகராமல் தண்ணீர் நிற்காது.

வந்தது அந்த ஒரு நாள்! நாகங்கள் நான்கு சீறினாற்போல் வீரர் நான்கு டயரிலும் பாதிக் காற்றைத் திறந்துவிட்டார். வண்டி தாழ்ந்தது, தாங்கி குழாயை விட்டது. நான்கு சக்கர கியரைப் போட்டார். முதலை முதுகுகள் சேற்றைக் கவ்வின, கடித்தன, துப்பின. சேற்று மழையில் மனைவியும் சுவரும் ஒரே நிறமாக, வண்டி முற்றத்தைக் கிழித்துக்கொண்டு வாசல் கடந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, அமைதியாக, மிக அமைதியாக மொழிந்தார்:

"மச்சான், அந்தக் கயிற எடுங்க."

தோற்ற மன்னன் வாளை நீட்டுவது போல் மைத்துனர் மஞ்சள் கயிற்றை நீட்டினார். வீரர் கட்டினார், இழுத்தார், கரையேற்றினார், வால்வைத் திருகி வெள்ளத்தை அடக்கினார், சேறு கழுத்தளவு இருந்ததென்று அங்கேயே, அப்போதே, ஐயம் திரிபற நிலைநாட்டினார். குழாய்க்குறட்டின் கோமான், களிமண் வென்ற காவலர், கயிற்றுப்பழி தீர்த்த கருஞ்சக்கரப் பெருந்தகை இனி எந்த அவையிலும் தலை நிமிர்ந்து அமர்வார் என்று திசை எட்டும் அதிர்ந்தது.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் முழுசாகக் குளிக்கவில்லை.